எண்ணெய் வைக்காத நாள்

காலை பத்து மணி நாற்பது நிமிடம். அந்த நொடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் நேரம் மறக்கவில்லை. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில், அப்பளம் இடும் கன்னியம்மாவின் வீட்டு வாசலில், கப்பலில் வந்த ஒன்பது வெள்ளைக்காரப் பெண்களோடு நின்றிருந்தேன். பத்து நாற்பதுக்கு அப்பளம் பொரித்துக் காட்ட வேண்டும். பத்து ஐம்பத்தைந்துக்குக் கார்கள் புறப்பட வேண்டும். கன்னியம்மா என் பக்கத்தில் வந்து, புடவைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள்.

"டீச்சரம்மா, இன்னிக்கி எண்ண வெக்கல."

எனக்குக் கோபம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

கப்பல் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டும் கம்பெனியில் பத்து வருஷம் பெண் வழிகாட்டியாக இருந்துவிட்டுப் போன வருஷம் விலகினேன். என் இடத்துக்கு வந்திருக்கும் சுசீலா என்ற பெண், "எப்படி வேலை செஞ்சீங்கன்னு எழுதிக் கொடுங்கம்மா, எங்களுக்கு உதவும்" என்று இரண்டு முறை வீட்டுக்கு வந்து கேட்டாள். இப்போது நாடு நம்முடையதாகிவிட்டது. வெளிதேசத்தாரை நிறைய வரவழைக்க வேண்டும், அதனால் ஊர் செழிக்கும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். செழிக்காது என்று நான் சொல்லவில்லை. செழித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மற்றதையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் சுசீலாவுக்கு உதவும்.

என் கணவர் இறந்தபோது என் மகள் எஸ்தர் கைக்குழந்தை. மிஷன் பள்ளியில் நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்தான் என்னிடம் இருந்த சொத்து. கப்பலில் வரும் பெண்கள் வீடுகளுக்குள் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், ஆண் வழிகாட்டிகளை உள்ளே விடமாட்டார்கள், ஒரு பெண் தேவை என்று கம்பெனி தேடியது. பள்ளிச் சம்பளத்தைவிட அதிகம் என்பதால் போனேன். பயிற்சி இரண்டு வாரம். சாந்தோமிலிருந்து அடையாற்று ஆலமரம் வரை மானேஜரோடு நடந்தேன், அவ்வளவுதான். வெயில் பயணிகளின் முதுகில் விழும்படி நிறுத்த வேண்டும், அப்போதுதான் படம் நன்றாக வரும். தெரியாது என்று சொல்லக் கூடாது. காரில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ண வேண்டும். உலகச் சண்டை வந்தபோது கப்பல்கள் நின்றன. விடுமுறையில் வந்த சிப்பாய்களை அழைத்துப் போனோம். சண்டை முடிந்ததும் கப்பல்கள் திரும்பி வந்தன.

மானேஜர் தணிகாசலம் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. குரல் உயராது. தப்பு நடந்தால் நம்மைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மேஜைமேல் கவிழ்த்து வைத்த காகிதத்தை ஒரு விரலால் மெல்லத் திருப்பி நம் பக்கம் தள்ளுவார். அது பயணி எழுதிய புகார்க் கடிதமாக இருக்கும். நாம் படித்து முடிக்கும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "நீங்களே ஒரு வழி சொல்லுங்கம்மா" என்பார். திட்டியிருந்தால் எழுந்து வந்திருக்கலாம். வழி சொல்லச் சொன்னால் என்ன செய்வது? சொல்லுவோம். அதற்குப் பிறகு அது நம்முடைய விதி, அவருடையது அல்ல.

கப்பல் வருவதற்கு முந்தின நாள் நான் வழி பார்க்கப் போக வேண்டும். கையில் ஒரு டைப் அடித்த தாள் இருக்கும். பயணிகள் கண்ணில் படக் கூடாதவற்றின் பட்டியல். செத்த நாய், திறந்த சாக்கடை, குஷ்டரோகிகள், சவ ஊர்வலம், தெருவில் உட்காரும் குழந்தைகள். நாய் கிடந்தால் தோட்டிக்குச் சொல்லி அகற்றச் செய்வேன். பிச்சைக்காரர்களை அன்று ஒரு நாள் வேறு பக்கம் உட்காரச் சொல்லுவேன். மறுநாள் முன்னால் போகும் காரை ஓட்டும் காதர் பாய் சந்து முனையில் பிரேக் போட்டுவிட்டு, "இன்னாம்மா, தெருவுக்கு மூஞ்சி கழுவி, பவுடர் பூசி உட்டுட்டீங்க போலகீதே!" என்பார். நானும் சிரிப்பேன்.

அந்தச் சந்தில் நாலு வீடுகளைப் பிடித்து வைத்திருந்தோம். எல்லாம் அப்பளம் இடுகிற வீடுகள். கப்பலுக்கு ஒரு வீடு என்று முறை. பெண்கள் உள்ளே போவார்கள், உளுந்து மாவு பிசைவதைப் பார்ப்பார்கள், குழவியால் ஓர் அப்பளம் தேய்த்துப் பார்த்துச் சிரிப்பார்கள், பொரித்த அப்பளத்தைக் கடித்துவிட்டு ஆச்சரியப்படுவார்கள். அந்த வீட்டுக்குக் கம்பெனி கொடுப்பதும், பயணிகள் போகும்போது கையில் வைப்பதும் சேர்ந்தால், அப்பளம் விற்று ஒரு மாதம் ஓட்டுவதைவிட மேலாக இருக்கும். அதில் வந்த நன்மையை மறைக்கக் கூடாது. ஒரு வீட்டின் கூரை ஓடாக மாறியது. கன்னியம்மாவின் மூத்த மகள் பள்ளிக்கூடம் போனாள். பயணிகள் வருகிறார்கள் என்பதற்காகவே அந்தச் சந்துச் சாக்கடைக்குப் பலகை மூடி போட்டார்கள். அதற்கு முன் எத்தனை வருஷம் கேட்டும் நடக்கவில்லை.

ஆனால் நாலு வீட்டுப் பெண்களும் ஒரே அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவர்கள், முறை வந்தபிறகு பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். "டீச்சரம்மா, அவ மாவுல பல்லி வுழுந்துச்சி", "டீச்சரம்மா, அவ வூட்ல ஒரே மூட்டப்பூச்சி." வழி பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைகள்தான். ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி சொல்வதை நம்பக் கூடாது என்று பழகிக்கொண்டேன். அந்தப் பழக்கம் பின்னால் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

வேப்பிலைச் சமாசாரம் எண்ணெய் வைக்காத நாளுக்கு முந்தின கப்பல் பருவத்தில் வந்தது. சந்து முனை வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. ஒரு அம்மாள் அது என்ன என்று கேட்டார். தெரியாது என்று சொல்லக் கூடாதே. அந்த வீட்டில் அம்மை வார்த்திருக்கிறது, வெளியார் வர வேண்டாம் என்பதற்கு அடையாளம் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மற்றவர்களும் இறங்கவில்லை. அடுத்த வாரம் மேஜைமேல் கவிழ்த்து வைத்த காகிதம் என் பக்கம் திரும்பியது.

"நீங்களே ஒரு வழி சொல்லுங்கம்மா. அந்த ஜனங்களை உங்களுக்குத்தானே தெரியும்."

வழி சொன்னேன். வாசலில் வேப்பிலை இருக்கும் வீட்டுக்கு அந்தத் தடவை போக மாட்டோம், முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பயணிகளுக்கும் பத்திரம், வீட்டாருக்கும் தொந்தரவு இல்லை. மானேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதுதாம்மா யோசனைங்கறது" என்றார். நாலு வீட்டுக்கும் போய் நானே சொன்னேன். கன்னியம்மா தலையாட்டினாள். பருவத்துக்கு ஏழெட்டுக் கப்பல்தான் வரும். ஒரு முறை தவறினால் ஒருத்திக்கு அந்த வருஷத்துக் கப்பல் காசில் பாதி போனது மாதிரி. படித்த எனக்கு அது தோன்றவில்லை. விதியை எழுதியபோது பயணிகளை நினைத்தேன், கம்பெனியை நினைத்தேன். வேப்பிலையைக் கட்டுகிற கையே அதை அவிழ்க்கவும் செய்யும் என்று நினைக்கவில்லை.

அந்த ஒன்பது பேர் வந்த கப்பலுக்கு முந்தின நாள் வழி பார்க்கப் போனேன். கன்னியம்மாவின் முறை. அவள் புருஷன் கோடம்பாக்கத்தில் சினிமாக்காரர்களுக்குச் சாமான் தூக்குபவர். படப்பிடிப்பு நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. வாசல் துப்புரவாக இருந்தது. மாவிலை கட்டியிருந்தாள். நிலையின் ஓரத்தில் ஆணியிலிருந்து ஒரு சணல் கயிறு அறுந்து தொங்கியது. அதைப் பார்த்தேன். பார்க்கக் கூடாதவற்றின் பட்டியலில் சணல் கயிறு இல்லை.

திரும்பும்போது எதிர்வீட்டுப் பச்சையம்மா கையைப் பிடித்தாள். "நாளிக்கி அந்தூட்டுக்கு வாணாம் டீச்சரம்மா. நம்மூட்டுக்கு வந்துடுங்க. சொன்னா கேளுங்க."

"ஏன், அங்க என்ன?"

அவள் கன்னியம்மாவின் வாசலைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. சும்மாதான் சொன்னேன்."

"உன் முறை அடுத்த கப்பலுக்கு. இப்படி ஒருத்தர் வயித்துல ஒருத்தர் அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் எஸ்தரையும் அழைத்துப் போனேன். அவளுக்குப் பதினொரு வயது. பள்ளி விடுமுறை. "உங்க பொண்ணு நல்லா இங்கிலீஷ் பேசுதாமே, கூட்டிட்டு வாங்களேன், லேடீஸுக்குப் பிடிக்கும்" என்று மானேஜர் சொல்லியிருந்தார். புதுப் பாவாடை உடுத்தி அவள் முன்சீட்டில் காதர் பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என் கையில் அம்மை குத்திய புதுத் தழும்பு இருந்தது; கப்பல் கம்பெனிகள் கேட்டதால் எங்கள் எல்லோருக்கும் வருஷா வருஷம் குத்தினார்கள். வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். எஸ்தருக்குப் பள்ளிக்கூடத்தில் மறுபடி குத்திய நாளில் காய்ச்சல். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். பயணிகள் ஒவ்வொருவரின் அம்மை குத்திய சீட்டையும் வாங்கிப் பார்த்துக் கணக்கு வைத்தவள் நான்.

பத்து நாற்பதுக்குக் கன்னியம்மா எண்ணெய் வைக்கவில்லை என்றாள்.

"எண்ணெ தீந்துபோச்சா? காதர் பாயை அனுப்பி வாங்கிட்டு வரச் சொல்றேன்."

"எண்ண கீதும்மா."

"அப்புறம் என்ன?"

அவள் தலைப்பை வாயிலிருந்து எடுக்கவில்லை. பின்னால் பெண்கள் குழவியை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, எப்போது பொரிப்பார்கள் என்று கேட்டாள். மணி பத்து நாற்பத்து மூன்று.

"கன்னியம்மா, அடுத்த தடவை உன் வீடு வேணுமா, வேணாமா?"

இதைச் சொன்னது நான்தான். குரலை உயர்த்தவில்லை. தணிகாசலத்திடம் கற்றுக்கொண்டேன்.

அவள் அடுப்பை மூட்டினாள். சட்டியை ஏற்றுவதற்கு முன் அடுப்புக்கு எதிரில் நின்று கண்ணை மூடிக் கைகூப்பினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உதடு எதையோ திரும்பத் திரும்பச் சொன்னது. தொப்பி வைத்த ஒரு அம்மாள் படம் எடுத்துவிட்டு, அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். தெரியாது என்று சொல்லக் கூடாது. "எங்கள் பெண்கள் அடுப்பை வணங்கிய பிறகே சமைப்பார்கள்" என்றேன். எவ்வளவு அழகான வழக்கம் என்று அவர் சொன்னதும் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் இல்லை. அம்மை வார்த்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது என்பதுதான் வழக்கம். அதை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். சர்ச்சுக்குப் போகிற நாங்களும் பக்கத்து வீட்டில் அம்மை என்றால் கடுகு வெடிக்க விடுவதில்லை. அறிந்தது எல்லாம் அந்தக் காலையில் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. கடிகாரம் மட்டும் தெரிந்தது.

அப்பளம் பொரிந்தது. எல்லோரும் கடித்தார்கள். பத்து ஐம்பத்தைந்துக்குக் காரில் ஏற்றித் தலை எண்ணினேன். ஒன்பது. சரியாக இருந்தது. கதவைச் சாத்தப் போனேன்.

"நம்ம பாப்பா எங்கம்மா?" என்றார் காதர் பாய்.

எஸ்தர் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். தண்ணீர் குடிக்கப் போனேன் என்றாள். நேரம் ஆகிறது என்று அதட்டி ஏற்றினேன்.

பன்னிரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். தலைவலி, முதுகுவலி. மூன்று நாள் கழித்து நெற்றியில் கொப்புளம் கண்டது. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்.

"அம்மா, அந்த அப்பள வீட்டுல பின்னாடி ஒரு குட்டிப் பாப்பா படுத்திருந்துச்சு. பொடவைய மறைப்பாக் கட்டியிருந்தாங்க. உடம்பெல்லாம் இதே மாதிரிதான் இருந்துச்சு. தண்ணி கேட்டுச்சு. குடுத்துட்டுக் கொஞ்சம் விசிறிவிட்டேன். அதான் லேட்டாயிடுச்சு. திட்டினியே."

அப்போது அறுந்த சணல் கயிறு என் கண்முன் வந்தது. பிறகு பச்சையம்மாவின் கை. பிறகு கைகூப்பி நின்ற கன்னியம்மா. எல்லாம் எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒருமுறை அல்ல, மூன்றுமுறை.

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து எங்கள் சுவரில் சுண்ணாம்பால் குறிபோட்டுவிட்டுப் போனார். பால்காரன் செம்பைத் தெருவிலேயே வைக்கச் சொன்னான். எஸ்தரைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே நின்றால் ஒரு ஆள் வந்து பெயரைச் சொல்லி, "அப்படியே இருக்கு" என்பான். ஒரு நாள் "கண்ணுலயும் இருக்கு" என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை. நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபம் வரவில்லை. அந்தக் கப்பல் பெண்களின் தலைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்பதோடு நிறுத்த முடியவில்லை.

மானேஜர் ஒரு மாலை எங்கள் தெருமுனைக்கு வந்து ஆள் அனுப்பினார். நான் பத்தடி தள்ளி நின்றேன். கண்ணாடியைத் துடைத்தார். எஸ்தரைப் பற்றி விசாரித்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதில் குறை சொல்ல மாட்டேன். பிறகு, "கப்பல் டாக்டருக்குத் தந்தி கொடுத்தேம்மா. பதில் வந்துடுச்சு. நல்ல வேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை" என்றார்.

யாருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன பாத்தியதை? ஒன்பது தலையை எண்ணிவிட்டுக் கதவைச் சாத்தப் போனவள் நான்.

காதர் பாய்தான் மற்ற செய்தியைக் கொண்டுவந்தார். வாசலுக்கு வெளியே காரை நிறுத்தி, இறங்காமல் சொன்னார். "அந்த அப்பளக்காரம்மா கொயந்த, நாலு வயசு, அம்சான்னு பேரு. நீங்க போன மூணாம் நாளே பூட்சாம்மா. எண்ணச் சட்டி வெச்சதுனால ஆத்தாவுக்குக் கோவம் வந்துடுச்சின்னு அந்தம்மா தலைல அடிச்சிக்கினு அயுவுது. நாஸ்தா துண்ணக் கூட எயுந்திரிக்கலியாம்."

"பச்சையம்மாவுக்குத் தெரியும்தானே பாய்? ஏன் என்கிட்ட சொல்லல?"

"நானும் கேட்டேன். 'காட்டிக் குடுத்து அவ சோத்துல மண்ணப் போட்டா ஆத்தா என்ன சும்மா வுடுவாளா?'ன்னு சொல்லிச்சி." ஸ்டியரிங்கைத் தடவினார். "நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க? உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

எண்ணெய் வைத்ததால் குழந்தை சாகாது என்று எனக்குத் தெரியும். அது கன்னியம்மாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், டீச்சரம்மா மிரட்டியதால் சட்டி ஏற்றினோம், பிள்ளை போய்விட்டது என்பதுதான். போய் விளக்கினால் நான் தப்பித்துக்கொள்ளப் பேசுவதாக இருக்கும். போகாவிட்டால் ஒளிவதாக இருக்கும். போகவில்லை.

எஸ்தர் ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் குழி. இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. அலமாரிக் கண்ணாடிமேல் நான் துணி போட்டு வைத்திருந்தேன். அவள் வந்ததும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பப் போட்டாள். இன்றைக்கும் யாராவது கதவைத் தட்டினால் உள்ளே போய்விடுகிறாள். பள்ளிக்கூடம் போவதில்லை, பாடத்தை நான் சொல்லித் தருகிறேன். ராத்திரி அவள் மூச்சு விடுகிறாளா என்று எழுந்து கேட்கிறேன். காய்ச்சல் இல்லாத நெற்றியில் கைவைத்து வைத்து அவளுக்கே எரிச்சல்.

சுசீலாவுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பயணிகள் வரட்டும். அவர்கள் கெட்டவர்கள் அல்ல; அந்தத் தொப்பி அம்மாள் எஸ்தருக்கு ஒரு படப்புத்தகம்கூட அனுப்பியிருந்தார், விஷயம் தெரியாமல். அவர்கள் வந்தால் சாக்கடைக்கு மூடி வரும், கூரைக்கு ஓடு வரும். ஆனால் ஒரு வீட்டின் சோறு அவர்கள் வருவதை நம்பி இருக்கும்போது, அந்த வீட்டு வாசலில் நாம் பார்ப்பது நிஜம் அல்ல. நாம் பார்க்க விரும்புகிறோம் என்று அவர்கள் நினைப்பதுதான் அங்கே இருக்கும். வழி பார்க்கப் போகும்போது வாசலோடு நிற்காதே. உள்ளே போ. நோய் வந்த வீட்டின் முறையைப் பறிக்காதே. கம்பெனி கொடுப்பதை எப்போதும்போல் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போ. இந்த ஒரு வரியை நான் அன்று விதியில் எழுதியிருந்தால் வேப்பிலை அங்கேயே இருந்திருக்கும். யாராவது எண்ணெய் வைக்கவில்லை என்றால் கடிகாரத்தைப் பார்க்காதே.

விலகல் கடிதத்தை அனுப்பிய வாரம், ஒரு மத்தியானம், கதவு தட்டும் சத்தம் கேட்டது. எஸ்தர் எழுந்து உள்ளே போய்விட்டாள். திறந்தேன். கன்னியம்மா நின்றிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய அப்பளக் கட்டு. படி ஏறவில்லை.

சாபம் விடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். விட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவள் என் தோளுக்கு மேலே, அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சாம்மா?"

"ஆச்சு."

அவள் தலையாட்டினாள். அப்பளக் கட்டை என் கையில் வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, தெருவைப் பார்த்து, திரும்ப என்னைப் பார்த்தாள்.

"அடுத்த கப்பல் எப்போ டீச்சரம்மா? எண்ணச் சட்டி வெச்சிக்கலாம். வாசல்ல வேப்பந்தழ ஒண்ணும் இல்ல. வூட்ல இப்போ யாருக்கும் ஒண்ணுமில்ல."